பகிடிக்கு நிலுவை

மல்லாவியில் கேபிள் காசு சேர்க்கிறவன் நான்.
மாதம் அறுநூற்றைம்பது. பற்றுச்சீட்டு நீல நிறம்.
சனி இரவில்தான் சனம் வீட்டில் நிற்கும்
என்று முதலாளி சொன்னபடியால்
பன்னிரண்டு வருசமாய் 'எட்டரைப் பகிடி'யை
படலைக்கு வெளியே நின்றே கேட்டிருக்கிறேன்,
மோட்டார்சைக்கிளை நிற்பாட்டி,
ஒரு கையால் நுளம்பு அடித்தபடி.

எங்கள் வயர் வீடுகள் சிரித்து ஓய
வாய்க்காலுக்கு அப்பால் டிஷ் பூட்டிய வீடு
ஒரு மூச்சுப் பிந்திச் சிரிக்கும்.
அந்த இடைவெளியில் ஒரு நாய் குரைக்கும்.

கரண்ட் வந்த புதிதில் ஒருதரும் நிலுவை வைக்கவில்லை.
யோகபுரத்துப் பரஞ்சோதி
ஒழுகும் தறப்பாளின் கீழே
பெட்டிக்கு மட்டும் குடை பிடித்துக்கொண்டு
சிரித்துச் சிரித்துக் காசு எண்ணினார்,
இரண்டு தரம் பிழையாய்.
மிச்சம் ஐம்பதை வைச்சிரு என்றார்.

மூன்றாம் வருசம் அவர்தான் தொடக்கினது:
"முந்தின மாதிரி இல்லைத் தம்பி."
முந்தி என்றால் எப்ப, அண்ணை?
"போன கிழமைக்கு முந்தி."
அந்த மாதம் முன்னூறுதான் தந்தார்.

பெட்டிசம் பெருமாளாய் நடித்தவர் சுவிசுக்குப் போய்
வேறொரு பெடியன் அந்த வேட்டியைக் கட்டினபோது
நகுலாம்பிகை ரீச்சர் கதவைத் திறக்கவே இல்லை.
யன்னலுக்குள்ளால் சொன்னா:
"மூக்குக் காணாது. பெருமாளுக்கு மூக்கு வேணும்."
நாலு வருசம் கழித்து அந்தப் பெடியனும் விலக
அதே யன்னல், அதே ரீச்சர்:
"இவன்தான் பெருமாள்.
முந்தினவர் நடிச்சவர்."

பிறகு ஒரு வன்னியானைக் கொண்டுவந்தார்கள்.
உழவு மெசினில் கொழும்புக்கு வருவான்,
பஸ்ஸைக் கண்டு யானை என்று மரத்தில் ஏறுவான்.
யாழ்ப்பாணத்தார் நினைக்கிற வன்னியடா இது என்று
பாலிநகர்ப் பெடியள் கோபத்தில்
என் வயரை வெட்டி எறிந்தார்கள்.
அடுத்த சனி ஏழரைக்கு
தாங்களே முறுக்கி, ரேப் ஒட்டியிருந்தார்கள்.
இப்போது அந்தச் சந்தியில் யார் பிந்தி வந்தாலும்
"என்ன, யானையோ?"

மரியசீலனுக்கு இடது கால் முழங்காலுக்கு மேலே இல்லை.
கட்டைக்கால்காரன் ஆடுகிற பகிடி போன இரவு
ஒழுங்கை முழுக்கச் சத்தமில்லை.
இரண்டு வீட்டார் ரோச் அடித்துக்கொண்டு வந்து
அவருக்காகத் தாங்கள் கோபப்பட்டார்கள்.
அவர் சிரித்ததை நான் கேட்டேன்.
"கழற்றின இடது காலை அவன் வலதுக்கல்லோ பூட்டினவன்,
அதுக்குத்தான்" என்றார்.
பிறகு நாலு மாதம் அவர் காசு தரவில்லை.
கூடாது என்று சொல்லவுமில்லை.
அந்தப் பக்கத்தில்
முதலாளிக்குத் தெரியாமல் நான் சரி போட்டிருக்கிறேன்.

போன மாதம் பகிடியில் என்னையே போட்டார்களாம்:
கேபிள்காரன் வருகிறான்,
வீட்டுக்காரன் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்.
அதற்கடுத்த சனி பரஞ்சோதி வீட்டில்
மகள் சொன்னாள், "அப்பா மன்னாருக்குப் போட்டார்."
தாங்கிக்குக் கீழே இரண்டு பாட்டாச் செருப்பு,
செருப்புக்குள் கால்.
"மன்னாரில் மழையாமோ?" என்றேன் தாங்கியைப் பார்த்து.
தாங்கி சிரித்தது. அடக்க ஏலாமல் இருமியது.

தலையில் பாசியோடு வெளியே வந்தவர்
"வா, உள்ளுக்கு வந்து பார்" என்றார்.
கல்வீடு இப்போது. தறப்பாள்
விறகுக்கு மேலே கிடக்கிறது.
பன்னிரண்டு வருசத்தில் முதல்முறையாய் இருந்து பார்த்தேன்.
ஒருவன் விழுகிறான். இன்னொருவன் அவனைத் தூக்கிவிட்டு
தான் விழுகிறான்.
பரஞ்சோதி பெட்டியைப் பார்க்கவில்லை,
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏதாவது சொல்லத்தானே வேணும்.
"முந்தி நல்லாயிருந்தது" என்றேன்.

"அப்பிடிச் சொல்லு!" என்று எழும்பி
சேட்டுப் பையைத் துழாவினார்.
வாய்க்காலுக்கு அப்பால்
டிஷ் வீட்டில் அப்போதுதான் அவன் விழுந்தான்.