இதர குறிப்புகள்

ஏணி, ஈரத்துணி, ஆறுமுனைச் சாவி,
முதுகுப்பையில் உறை போட்ட தாள்கள்.
பெல்ஃபாஸ்டில் மழை பெய்கிறது என்று
யாரும் சொல்வதில்லை;
விட்டால்தான் சொல்கிறோம்.

திங்கள் முதல்
விமான நிலையத்துக்குப் புதிய சொகுசுப் பேருந்து.
நகரின் நடுவிலிருந்து நேராக.
நடுவில் எங்கும் நிற்காது.
இருக்கைதோறும் செல்பேசிக்கு மின்சாரம்,
பெட்டிகளுக்குத் தனி அடுக்கு.
தாளின் உச்சியில் ஒரு பெண் சிரிக்கிறாள்.
எந்த ஊர்க்காரியோ,
கூந்தலில் வெயில் இருக்கிறது.

பழைய வண்டி பதினேழு இடத்தில் நிற்கும்.
பதினான்கை நான் கழற்ற வேண்டும்,
ஞாயிறு இரவுக்குக் கூலி கூடுதல் என்பதால்
சனி இரவே.

முடிவெடுப்பவன் நானில்லை,
முடிவை ஒட்டுபவன்.
கேட்டவர்களிடம் இப்படித்தான் சொல்வேன்.
சொல்லிச் சொல்லி
எனக்கே அது ஒரு பதவி போலாகிவிட்டது.

சட்டத்தைத் திறந்தால்
தாளுக்குப் பின்னால் தாள்,
அதற்கும் பின்னால் அதைவிடப் பழையது.
எனக்கு முன்பிருந்தவனின் சோம்பல்
வெங்காயமாய் உரிகிறது.
கண்ணாடி உடைந்துகிடந்த ஆண்டாக இருக்கும்,
ஓரத்தில் யாரோ பேனாவால்:
'5.25 பொய். 5.31.'
அதன் கீழ் வேறொரு கை:
'புதன்கிழமை ஆள் நல்லவர், காத்திருப்பார்.'

ஒன்பதாவது நிறுத்தம், மூடிய வங்கிக்கு எதிரே.
மணி நாலாக ஐந்து நிமிடம்.
கோட்டுக்குக் கீழே ஏப்ரன் நாடா தொங்க
டிம்ஃப்னா மக்காட்டீர்.
பெயர் அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

'அப்போ திங்கட்கிழமை?'
'முதல் வண்டி அஞ்சு இருபது.
நகரின் நடுவிலிருந்து.'
'நாலே முக்காலுக்கு நான்
ரொட்டியில வெண்ணெய் தடவ ஆரம்பிக்கணும்.
பறக்கப் போறவன் வெறும் வயித்தோட வருவான்.'
பிறகு, கோபமில்லாமல்:
'நடுவுக்கு எதில வர்றது?'

தாளில் பார்த்தேன்.
நானே கொண்டுவந்த தாள்,
இருந்தும் இரண்டு முறை பார்த்தேன்.

சாவுச் செய்தி சொல்ல வந்தவன்
சொன்ன பிறகும் வாசலில் நிற்பதுபோல்
நின்றேன்.
கடற்கழியிலிருந்து காற்று அடித்தது.
அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்,
நான் மேலேறி
அவளுடைய நிறுத்தத்தின் பலகையைக் கழற்றி முடிக்கும்வரை.

'அந்தப் பழைய தாள் உனக்கு வேணுமா?'
எண்ணிக் கொடுக்க வேண்டிய தாள்.
கொடுத்தேன்.
மடிக்காமல் சுருட்டினாள்.

நாலு பத்துக்கு வண்டி வந்தது.
பலகையில்லாத கம்பத்தின் முன் நின்றது.
ஓட்டுநர் என்னைப் பார்த்தார்,
என் கையைப் பார்த்தார்,
கதவைத் திறந்தார்.

இரண்டு வாரம் கழித்து
நிழற்குடையை அளக்க அனுப்பினார்கள்;
அதையும் எடுத்துவிடப் போகிறார்களாம்.
போகிற வழியெல்லாம் கப்பல் தளத்தின்
இரண்டு மஞ்சள் பாரந்தூக்கிகள்
தூக்க ஒன்றுமில்லாமல் நின்றன.
கண்ணாடியின் உட்புறம் அந்தத் தாள்.
எல்லா எண்களும் அடிக்கப்பட்டு
4.10 மட்டும் வட்டத்துக்குள்.
பக்கத்தில்:
'கில்லெஸ்பியின் வேன். ஆறு இடம்.
ஸ்டென்கா, அடெலினோ, நான், துப்புரவுப் பெண்கள் இருவர்.
ஒரு இடம் காலி.
பெட்ரோலுக்கு வாரம் நாலு பவுண்டு.
முன்சீட்டில் நாய் இருக்கும், கடிக்காது.'

புதன்கிழமைக்கு எதிரே மட்டும்
ஒரு கேள்விக்குறி.

என் படிவத்தில் ஒரு கட்டம்:
அனுமதியின்றி ஒட்டியவை இருப்பின் அகற்றுக.
அதற்கடுத்து இன்னொன்று:
இதர குறிப்புகள்.

ஒட்டுநாடாவின் ஒரு முனை
ஈரத்தில் எழும்பியிருந்தது.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
பிடிக்கவில்லை.
சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்து
மறுபடி அழுத்தினேன்.

நீளம் மூன்று மீட்டர் இருபது.
அகலம் ஒன்று நாற்பது.
இதர குறிப்புகள்:
மழை.