கிழமைக்கு நூற்றுப் பதினெட்டு

றெஜினோல்ட் காரைத் தூக்கி வைத்திருக்கிறான்.
அடிவயிறு தெரிய அது அந்தரத்தில் நிற்க
எனக்குத்தான் கூச்சமாயிருக்கிறது.
சாவியால் ஒரு தட்டு.
துரு, பொரித்த அப்பளமாய் நொறுங்கி
அவன் தொப்பியில் விழுகிறது.

"உப்பு, அக்கா.
ஏஜக்ஸ் ரோட்டு உப்பு ஆரைத்தான் விட்டது?"

அட்டைத் துண்டொன்றில் கணக்கு எழுதுகிறான்:
முன் பிறேக், கீழ்க்கை இரண்டு,
ஒயில் ஒழுகுகிற இடம்,
ஏசியும் எண்டால் அது வேற.
வரியோடு இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
விற்றால் ஆயிரம் வரும், ஆள் கிடைத்தால்.
சுண்டங்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்
என்று நானே சொல்லிவிட்டேன்,
அவன் சொல்ல முந்தி.

நேற்று விற்பியில் புதுக்கார்க் கடைக்கும் போனேன்.
பிறெண்டன் என்றொரு பெடியன் கோப்பி தந்தான்.
இருக்கை சூடாகும் என்றான். ஸ்ரியறிங்கும் சூடாகும்.
கோடு தாண்டினால்
தானே இழுத்து உள்ளே விடுமாம்.
கிழமைக்கு நூற்றுப் பதினெட்டு என்றான்,
மாதத்தில் சொன்னால் பயப்படுவேன் என்று தெரிந்து.
எத்தனை கிழமை என்று கேட்டேன்.
அதை மட்டும் வருடத்தில் சொன்னான்:
ஏழு.

ஏழு வருடத்தில் எனக்கு அறுபத்திரண்டு.
அப்போதும் யாருடையதோ வீங்கின காலில்
இறுக்கக் காலுறை மாட்டிக்கொண்டிருப்பேன்.
ஒரு நாளைக்கு ஆறு வீடு, சில நாள் எட்டு.
முதுகு தேய்த்து, மாத்திரை எண்ணி,
பூனைக்கும் சாப்பாடு வைத்து.
வீட்டுக்குள் நிற்கிற நேரத்துக்குச் சம்பளம்.
வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில்
கிலோமீற்றருக்குச் சில சதம்.

நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீற்றர்.
பூமியைப் பத்துத் தரம் சுற்றலாம் என்றான் மகன்.
சுற்றினதெல்லாம்
பிக்கறிங்குக்கும் ஒஷாவாவுக்கும் நடுவில்.
கிங்ஸ்ரனைத் தாண்டி இந்தக் கார்
ஒரு மரம் பார்த்ததில்லை.

வக்கீலின் மேசையில் வீடு இரண்டாய்ப் பிரிந்த நாள்
வான் குகபாலனுக்கு.
"காரை நீயே வைச்சிரு,
இனி எவ்வளவு நாளைக்கு ஓடப்போகுது" என்றார்,
பெருந்தன்மையாக.
அப்போது ஒரு லட்சத்து எழுபது ஓடியிருந்தது.
வானை அவர் போன வருடம்
பழைய இரும்புக்குக் கொடுத்தாராம்.
கேட்டு நான் சிரிக்கவில்லை.
கொஞ்சம் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்குத்தானா இவ்வளவு காசும்?
வீம்புக்கு ஒயில் மாற்றி மாற்றி
இவ்வளவு தூரம் வந்தேனா?

மாசியில் ஒரு விடிய
ஹார்வூட் சந்தியில் படுத்துவிட்டது.
இழுக்கிற லொறி வந்து சேர ஒன்றரை மணித்தியாலம்.
அவ்வளவு நேரமும் மிஸிஸ் ஓகில்வி
கட்டில் விளிம்பில் இருந்திருக்கிறா,
இரவு உடுப்போடு, எழும்பவும் ஏலாமல்.
நான் போனதும் ஒன்றும் சொல்லவில்லை.
"ரோட்டு வழுக்குதோ?" என்று மட்டும் கேட்டா.
பேசியிருக்கலாம்.

"றெஜி, இது என்னை நடு ரோட்டில விடுமோ?"
கையைத் துணியில் துடைக்கிறான். யோசிக்கிறான்.
அவன் யோசிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது,
பிறெண்டன் ஒன்றுக்கும் யோசிக்கவில்லை.
"பிறேக் விடாது. இந்தப் பனிக்குத் தாங்கும்.
அடுத்த பனியை என்னட்டக் கேக்காதேங்கோ."

சரி, பிறேக்கைச் செய்.
கையையும் மாற்று.
ஏசி கிடக்கட்டும், கண்ணாடியை இறக்கலாம்.
கிழமைக்கு நூற்றுப் பதினெட்டை
வேறொரு கணக்கில் போட்டு வைப்பேன்.
போடுவேனா தெரியாது.
முதல் கிழமை போடுவேன்.

பின்னேரம் சாவி தந்தான்.
மூன்று வருடமாய் எரிகிற இஞ்சின் லைற்றின்மேல்
நான் ஒட்டிவைத்த பொட்டை
மெல்ல உரித்துப் பார்த்தேன்.
எரியவில்லை.
திரும்பவும் அதிலேயே ஒட்டினேன்.
பசை இன்னும் இருந்தது.