ஒரே ஓனர்

பெருந்துறைப் பக்கம் ஒரு மில்லுக்கு ஓடிய
பதினொரு வண்டிகளில் ஏழாவது.
எண்ணைச் சுரண்டியிருந்தார்கள்.
வெயில் படாத ஏழு மட்டும்
கதவில் அப்படியே.

"ஒரே ஓனருங்க" என்றார்
புரோக்கர் சென்னியப்பன்.
ஓட்டியவர்கள் எத்தனை பேரென்று
கிளட்ச் சொன்னது.

மஞ்சள் போர்டு வெள்ளையாக
ஆர்டிஓ ஆபீசுக்கு நாலு நடை.
முதல் ஓட்டம். விஜயமங்கலத்தில்
டீக்கு நிறுத்தினேன்.
பின்சீட்டு மகள் இறங்கவில்லை,
உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் பேனலைக் கழற்றினான்.
"ரிப்பேர் இல்லீங்ணா,
லிவரையே எடுத்துப்போட்டாங்க.
ரெண்டு பக்கமும்.
ஹாஸ்டல் புள்ளைங்க
வழியில எறங்கீரக்கூடாதுன்னு."

புது லிவர் எண்ணூறு ரூபாய்,
கூலி தனி. பேரம் பேசவில்லை.

கதவின் வயிற்றுக்குள்
ஒரு ஹேர்பின் கிடந்தது,
நிமிர்த்தப்பட்டு,
நுனி தேய்ந்து.