தலையில் விளக்கு, காலில் சனிக்கிழமை

ஆறு கிலோ டியூப்லைட் குடை என் தலைமேல்.
சும்மாட்டுக்குக் கீழே மூளை இருப்பதாக
யாரும் நினைப்பதில்லை.
எனக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் நாலு பேர்,
எல்லோரையும் ஒரே ஒயரில் கோர்த்து
கடைசியில் ஜெனரேட்டர் வண்டி.
குகையிலிருந்து செவ்வாய்ப்பேட்டை வரை
கழுத்தைத் திருப்பாமல்
எத்தனையோ மாப்பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன்.
ஒருத்தன் முகமும் பார்த்ததில்லை.

அந்தப் பாட்டு மலையிலிருந்து வந்தது.
ஏற்காட்டில் எஸ்டேட் கல்யாணம் முடிந்து
விடியற்காலை வேனில் இறங்குகிறோம்.
இரண்டு டிரம்முக்கு நடுவே நான்.
யாரோ சுற்றுலா வந்தவன் சீட்டில் விட்டுப்போன பென்டிரைவை
டிரைவர் சகாயம் சொருகினான்.
முதலில் பாஸ் கிடார்.
அது வாசிக்கவில்லை, நடந்தது.
கூலியை மடியில் முடிந்துகொண்டவன்
வீட்டுக்குப் போகாமல் நடக்கிற நடை.
அதன்மேல், ஒரு கால் நெட்டை ஒரு கால் குட்டையாய்
நொண்டிக்கொண்டே ஓடுகிற தாளம்.
சூரமங்கலத்தில் கூட்ஸ் வண்டி
தண்டவாளம் மாறும்போது போடுமே, அது.
பதினாலாவது கொண்டை ஊசியில்
சாக்ஸபோன் கத்தியது.
அழகாக இல்லை.
முன்னால் போகிற லாரியை ஒதுங்கச் சொல்வதுபோல
ஒரே சுரம், ஒரே சுரம், ஒரே சுரம்.
பதினோரு தடவை எண்ணினேன்.
தூங்கிக்கொண்டிருந்த லூர்து
கண்ணைத் திறக்காமலே
தொடைமேல் விரல்களை அழுத்தத் தொடங்கினான்.

அடிவாரத்தில் டீக்கு நிறுத்தியபோது
சகாயம் போனைப் பார்த்துப் படித்தான்.
பேர் ஜம்ப் ப்ளூஸ்.
அமெரிக்காவில் கறுப்பு ஜனங்கள் போட்டது.
உலகச் சண்டை நேரத்தில்
பதினேழு பேர் பேண்டுக்குச் சம்பளம் கட்டுப்படியாகாமல்
ஏழு பேராகக் குறைத்தார்களாம்.
அந்த ஏழு பேரும் பதினேழு பேர் சத்தம் போட்டார்களாம்.
வாசிக்கப் போகிற ஹோட்டலில்
சமையல்கட்டு வழியாகத்தான் உள்ளே விடுவார்களாம்.
சனிக்கிழமை ராத்திரி, அவர்கள் ஆட்களே கூடி ஆடுகிற
கொட்டகையில் மட்டும் முன்வாசல்.
டீ ஆறியது.
குப்புராசு டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:
“ஏழு பேராக்கின பிறகு
ஆளுக்கு எவ்வளவு சேத்துக் குடுத்தான்?”
போனில் அது இல்லை.

வைகாசி, சனிக்கிழமை. விடிந்தால் முகூர்த்தம்.
லீ பஜார் பக்கம் வெள்ளிப்பட்டறைக்காரர் வீட்டு ஊர்வலம்.
ரெண்டு சினிமாப் பாட்டு முடிந்து
மூன்றாவதற்கு முன்னால் ஒரு சந்து.
லூர்து அதற்குள் புகுந்தான்.
அதே ஒற்றைச் சுரம்.
சித்தன் பெரிய டிரம்மில் நடக்க ஆரம்பித்தான்.
குப்புராசு கூச்சப்பட்டு,
பிறகு கூச்சப்படாமல்.
கொலுசு பற்றவைக்கிற பையன்கள்,
வாரக்கூலி சட்டைப்பையில் சூடாக இருக்கிறவர்கள்,
என்ன பாட்டென்று கேட்கவில்லை.
தட்டினார்கள்.
ஒன்றில் இல்லை. இரண்டில், நாலில்.
எப்படித் தெரிந்ததோ.

கழுத்து கான்ட்ராக்டருடையது.
எனக்குக் குதிகால் மட்டும் மிச்சம்.
தூக்கினேன்.
விளக்கு ஒரு விரற்கடை ஏறி இறங்கியது,
தெருவே எகிறிக் குதித்தது.
அடகுக்கடை ஷட்டரில் மாப்பிள்ளை நிழல்,
குதிரை நிழல், மாமனாரின் தொப்பை நிழல்
மாடி உயரத்துக்குப் போய்த் திரும்பின.
“ஏ தைலம்மா, லைட்டை ஆட்டாதே!”
ஆட்டவில்லை என்று சொல்ல வாயெடுத்தபோது
ஒயர் இழுபட்டது.
பின்னால் நாலு பேருக்கும்
அதே குதிகால்.

மண்டபம் வந்தது.
முன்வாசலில் அவர்களுக்கு ஆரத்தி.
நாங்கள் வாழையிலைக் கட்டு தாண்டி,
கேஸ் சிலிண்டர் தாண்டி, பின்பக்கம்.
லூர்து சாக்ஸபோனைக் கவிழ்த்து எச்சிலை வடித்தான்.
நான் சும்மாட்டை உதறிப் போட்டேன்.
தலைமேல் ஒன்றுமில்லை.
பந்தி முடிந்து எங்களைக் கூப்பிடும்வரை
நின்ற இடத்திலேயே குதித்தேன்,
பாட்டில்லாமல், மூச்சிரைக்க.
அப்பளம் பொரிக்கிறவர் நிமிர்ந்து பார்த்தார்.
ஜல்லிக்கரண்டியால் வாணலி விளிம்பைத் தட்டினார்.
ஒன்றில் தட்டினார்.
தப்பு, என்றேன்.