தண்ணீர் கேட்ட இடம்

பிடிபிடி முகாம், மூன்றாம் வலயம்.
அடிபம்பு வரிசைக்கும் பள்ளியின் தகரக் கூரைக்கும் நடுவில்
ஒரு மாமரம்.
அதன் கீழே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பெஞ்ச்.
பெஞ்ச் எனக்கு. நான் மொழிபெயர்ப்பாளன்.
முழு நேர்காணலுக்கு இருபதாயிரம் ஷில்லிங்.
பாதியில் நின்றுபோனால் ஒன்றுமில்லை.
ஒப்புதல் படிவத்தில் இந்த வரி கிடையாது.

சோல்வேய் நல்லவள்.
இதையும் எழுதத்தான் வேண்டும்.
பிள்ளைகளைவிட உயரத்தில் உட்காரக்கூடாதென்று
நாற்காலியை விட்டிறங்கி மண்ணில் அமர்ந்தாள்.
செம்மண் அவள் கால்சட்டையில் ஏறியது.
நாற்காலியில் கெஜி.
வயது பதின்மூன்று,
தரைக்கு எட்டாத கால்கள்.

படிவத்தை வாசித்துச் சொன்னேன்:
விருப்பமில்லாவிட்டால் வேண்டாம்.
எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.
காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நிறுத்தினால் மாவு நின்றுபோகுமா?
போகாது.
சோப்பு?
போகாது.
சொன்னால் கூடுதலாகக் கிடைக்குமா?
கிடைக்காது.
பிறகு எதற்கு?

இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும்
நான் அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை.
வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
இன்னும் ஏழு பிள்ளைகள் வரிசையில்.

அத்தை முந்தின நாளே ஒப்பமிட்டிருந்தாள்.
கெஜிக்குத் தன் பெயர் எழுதத் தெரியும்.
ஆங்கிலத்தில் நான்கு எழுத்து.
கடைசி எழுத்துக்குப் புள்ளி மறந்து,
பேனாவைத் திரும்ப வாங்கி வைத்தாள்.

முதல் கேள்வி, பள்ளிக்கூடம். இரண்டாவது, தோழிகள்.
மூன்றாவது,
ஆற்றைக் கடந்த அந்த இரவு.

அவள் என் செருப்பைப் பார்த்தாள்.
எங்கள் மொழியில் சொன்னாள்:
போதும். நிறுத்தச் சொல்லு.

தூரத்தில் யாரோ ஒரு பையன் டயர் உருட்டிப் போனான்.
ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்புப் புள்ளி எரிந்தது.
என்ன சொல்கிறாள் என்று சோல்வேயின் புருவம் கேட்டது.

நான் சொன்னேன்:
தண்ணீர் கேட்கிறாள்.

பதறி எழுந்து வண்டிக்கு ஓடினாள் சோல்வேய்.
மூடியைத் தானே திருகித் திறந்து நீட்டினாள்.
கெஜி போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
குடித்தாள்.
தண்ணீர் கொடுத்துவிட்டு ஒருத்தி
மண்ணில் உட்கார்ந்து காத்திருக்கும்போது
எழுந்து போவது எப்படி?

சொன்னாள்.
முழுவதும் சொன்னாள்.
தம்பியின் ஒற்றைச் செருப்பு வரைக்கும்.

அன்று மாலை அந்தப் பணத்தில்
என் மகனுக்கு மலேரியா மாத்திரை வாங்கினேன்.
நியாயமென்று சொல்லவில்லை.
வாங்கினேன், அவ்வளவுதான்.

*

நான்கு வருடம் கழித்து அறிக்கை வந்தது.
சோல்வேய் வாக்குத் தவறவில்லை:
முகாம் நூலகத்துக்கு இரண்டு பிரதி, பளபளக்கும் தாள்.
கெஜி என் குடிசை வாசலில் வந்து நின்றாள்,
பக்கத்துக்கு நடுவில் விரலைச் செருகியபடி.
இப்போது ஆங்கிலம் என்னைவிட நன்றாகப் படிக்கிறாள்.

இதில் கிரேஸ் என்று ஒருத்தி, என்றாள்.
பதின்மூன்று வயதாம்.
என் தம்பி அவளுக்கும் தம்பியாம்.

உன்னைப் பாதுகாக்கத்தான் பெயரை மாற்றினார்கள், என்றேன்.

யாரிடமிருந்து?

விரலை எடுத்தாள்.
அடைப்புக்குறிக்குள், சாய்ந்த எழுத்தில்:
(தண்ணீர் கேட்கிறாள். சிறு இடைவெளி.)

நான் தண்ணீர் கேட்கவில்லை, என்றாள்.

குரல் உயரவில்லை.
சத்தம் போட்டிருந்தால்
நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

நூலகப் பிரதியில் இன்று அந்த வரி பென்சிலால் அடிபட்டிருக்கிறது.
மேலே, நுணுக்கி, அவள் அன்று சொன்னது,
ஆங்கிலத்தில்.
அதைப் படிக்க யாருக்கும் நான் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை வேறொரு வண்டி வந்தது.
அதே மாமரம்.
புதிய நாற்காலிகள்.
பிள்ளை பாதியில் நிறுத்தினாலும் எனக்குக் கூலி உண்டா
என்று முதலில் கேட்டேன்.
வந்தவன் இளைஞன்.
பேனாவை மூடினான், மறுபடி திறந்தான்.
விசாரித்துச் சொல்கிறேன் என்றான்.