கை படாதது

இருபத்தைந்து சென்டிமீட்டர் பிளாஸ்டர் வட்டம்.
அதில்தான் முதலில் மலையைச் செய்வேன்,
பல் மருத்துவரிடம் இருக்குமே, அதுபோல ஒரு கொக்கியால்.
பிறகு இயந்திரம் அதைச்
சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருக்கிவிடும்.
அரை மில்லிமீட்டர் உயரத்துக்குள்
வானம், மலை, ஏரி எல்லாம் அடங்க வேண்டும்.
முப்பத்தோரு வருடமாக இதுதான் பிழைப்பு.

புகைப்படம் முதலில் வந்தது.
லாப்லாந்தில் எங்கோ ஒரு மொட்டை மேடு,
அதன் அடியில் ஏரி,
மேட்டிலிருந்து ஏரிவரை கலைமான் வேலி.
ஒரு குடில், அதற்கு மேல் புகை,
வாசலில் யாரோ கவிழ்த்து வைத்த வாளி.
இருந்ததை இருந்தபடி செய்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் குழுவின் கடிதம்:
மனிதச் சுவடு கூடாது.
விளிம்பில் வரவேண்டிய வாசகம்
'கை படாத நிலம்'.

புகை சுலபம், ஒரே தேய்ப்பில் போனது.
வாளிக்கு ஒரு சுரண்டல்.
குடிலைப் பாறையாக்கினேன்.
வேலிதான் இரண்டு நாள் எடுத்தது.
ஒவ்வொரு கம்பாகப் பிடுங்கி
ஒவ்வொரு குழியையும் அடைத்து
உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து
கடைசியில் அந்த நிலத்தின்மேல் பட்டதெல்லாம்
என் கை மட்டும்.

வெளியீட்டு விழாவில் இயக்குநர் வெள்ளைக் கையுறை அணிந்திருந்தார்.
இருபது யூரோ என்று பொறித்த வெள்ளியை
அறுபத்தொன்பதுக்கு விற்றார்கள்,
பிளாஸ்டிக் சிமிழுக்குள், மூச்சுக்கூடப் படாமல்.
ஊழியருக்குத் தலைக்கு ஒன்று இலவசம்.

செப்டம்பரில் விடுப்பு எடுத்தேன்.
ஏன் என்று கேட்டவர்களிடம்
காளான் பறிக்க என்றேன்.
இவாலோவில் இறங்கி, இன்னொரு பேருந்து,
அதன்பின் தபால் வண்டிக்காரரின் தயவு.

மேடு அங்கேயே இருந்தது.
வேலியும்.
வேலியோரம் ஒரு பெண்
சேற்றில் முழங்காலிட்டு மான் ஒன்றோடு மல்லாடிக்கொண்டிருந்தாள்.
கொம்பைப் பிடித்திருந்த பையனை யோவ்னா என்று அதட்டினாள்.
மானிடமும் பையனிடமும் அவள் மொழி,
என்னைக் கண்டதும் என் மொழி:
'சில்லறை ஏதாவது இருக்கிறதா?'

கழுத்துப் பட்டையில் ஜிபிஎஸ் பெட்டி.
பேட்டரி மூடியைத் திருக ஒரு பள்ளம்.
கத்தியின் முனை அதில் முறிந்து கிடந்தது.
இந்தக் காலத்தில் யார் காசு வைத்திருக்கிறார்கள்?
என் பையில் இரண்டு அட்டை, ஒரு கைபேசி,
மற்றும்
அது.

சிமிழ் நகத்துக்குத் திறக்கவில்லை.
பல்லால் உடைத்தேன்.

பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.
ஒரு திருகு, இரண்டு திருகு,
பழைய பேட்டரி வெளியே, புதியது உள்ளே.
மான் எழுந்து உதறியதில்
மூன்று பேர் மேலும் சேறு.

அப்புறம்தான் பீரெத் அதைக் கால்சட்டையில் துடைத்துப் பார்த்தாள்.
மேட்டைப் பார்த்தாள், காசைப் பார்த்தாள்.
'வடக்கிலிருந்து எடுத்தது' என்றாள்.
'ஆகஸ்ட் மாதம்.'
இன்னும் கண்ணருகே கொண்டுபோய்,
'கொசு எங்கே?' என்று சிரித்தாள்.

குடிலைப் பற்றிக் கேட்கவில்லை.
கேட்பாள் என்று
ஆயிரத்து நூறு கிலோமீட்டர் வந்த பதில்
என் தொண்டையிலேயே நின்றது.
பாறைமேல் அவள் கட்டைவிரல் இருந்தது, சேற்றோடு.

திருப்பித் தரும்போது பார்த்தேன்:
மேட்டடியிலிருந்து ஏரிவரை ஒரு கீறல்,
பள்ளத்தின் இரும்பு போட்டது,
கோணல்மாணலாக,
ஏறக்குறைய அதே இடத்தில்.
எத்தனை உப்புத்தாள் தேய்ந்திருக்கும் அங்கே.

'நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்றேன்.
'எத்தனை யூரோ இது?'
இருபது என்றேன்.
அவள் சட்டைப்பையில் துழாவத் தொடங்க,
வேண்டாம் வேண்டாம் என்றேன்.

'இன்னும் பதினாறு மான் இருக்கிறது' என்றாள்.
'சும்மா நிற்காதீர்கள்,
அந்தக் கொம்பைப் பிடியுங்கள்.'

பிடித்தேன்.
வெதுவெதுப்பாக இருந்தது,
நான் நினைத்ததற்கு மாறாக.