டர்க்காய்ஸ் ஏறும் சூடு

காங்கயத்து மச்சான்
கெடாவெட்டுப் பங்கைக் கொடுத்துவிட்டிருந்தான்.
முழுத் தொடை ஒன்று, விலா ஒரு பக்கம்,
தேக்கிலை சுற்றி, உரச்சாக்கில் போட்டு,
பஸ் கண்டக்டர் கையில்.
அன்றைக்கு எங்கள் பிரிட்ஜ் செத்து
ஒன்பதாம் நாள்.

'கம்ப்ரசர் போச்சுங்க, ஆறாயிரம் ஆகும்'
என்று மெக்கானிக் ஏற்கெனவே சொல்லிவிட்டான்.
சாயப்பட்டறைக்குப் பூட்டு விழுந்து
மூன்று வாரம்.

மேனகா கறியை வரிவரியாய்க் கீறி
கல்லுப்பும் மஞ்சளும் வரமிளகாயும் தேய்த்து
குண்டாவில் அமுக்கினாள்.
உப்புக்கண்டம் போட வெயில் வேண்டும்.
ஐப்பசி வானமோ
கழுவாமல் கவிழ்த்த வடைச்சட்டி.
'வெயில் இல்லீன்னா புகை' என்றாள்,
பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டு.

கம்ப்ரசரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டதில்
எழுநூறு ரூபாய்.
உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக்கை உரித்தேன்,
அதற்குப் பின்னால் மஞ்சள் நுரை,
பழுத்த பலாச்சுளை மாதிரி, கையில் ஒட்டிக்கொண்டு.
சுரண்டச் சுரண்ட வந்தது.
பதினோரு வருசக் குளிர் அதற்குள்தான் இருந்திருக்கிறது.

அனுப்பர்பாளையம் போய்ப்
பாத்திரப் பட்டறையில் வெட்டி மீந்த எஸ்.எஸ். தகடு
எடைக்கு வாங்கிவந்தேன்.
வெல்டர் ஜெபராஜ் உள்சுவர் அடித்தான்,
உச்சியில் குழாய் வைத்தான்,
கூலி கேட்கவில்லை.
'விலா ஒண்ணு' என்றான்.
கங்கு வைக்க டின் வேண்டும்.
பட்டறை டின் இரண்டு கொல்லையில் கிடந்தது.
'சாய டின்னத் தொட்டீங்கன்னா
நான் எங்கப்பன் ஊட்டுக்குப் போயிருவேன்'
என்றாள் மேனகா.
முறுக்கு டின் காலியாயிற்று.

முதலில் கறியில்லாமல் ஒரு வெள்ளோட்டம்.
கதவில் முட்டைத்தட்டை மறந்திருந்தேன்.
அது உருகி வடிந்த நாற்றத்துக்கு
லைன் வீடு ஆறும் வெளியே வந்து நின்றது.

மறுநாள் கொய்யாக் கிளை, தேங்காய்த் தொட்டி.
கதவில் துளையிட்டு
என் பழைய தெர்மாமீட்டரைச் செருகினேன்.
அறுபது.
எழுபது.
எண்பதில் நிறுத்து என்றது கை.
எண்பதில் டர்க்காய்ஸ் ஏறும்.
எந்தச் சூட்டுக்கு எந்த நிறம் என்பது
பதினெட்டு வருசமாக எனக்கு மனப்பாடம்;
எந்தச் சூட்டுக்கு எந்த ருசி என்று
யாரும் சொல்லித் தந்ததில்லை.
சாம்பலை ஒதுக்கினேன், காற்றுத் துளையைப் பாதி மூடினேன்.
பாத் ஓடுகிற நேரம் பேசக்கூடாது,
மெசினை விட்டு நகரக்கூடாது.
பழக்கம்.

மூன்றாவது மணி நேரம்
தர்சினி டியூசன் முடிந்து வந்தாள்,
பையோடு நேராகப் போனாள்,
ஐஸ் தண்ணிக்குக் கதவைத் திறந்தாள்.

புகை அவளை ஒரு வாய் விழுங்கித் துப்பியது.
இருமி, கண் கசக்கி,
உள்ளே கொக்கிகளில் தொங்குவதைப் பார்த்து
'அப்பா, பாட்டில் எங்கே?' என்றாள்.
நானும் காலையில்
இரண்டு முறை திறந்திருந்தேன்,
பாட்டிலுக்குத்தான்.
அதை அவளிடம் சொல்லவில்லை.
தெர்மாமீட்டர் ஐம்பத்தைந்துக்கு இறங்கியிருந்தது.
மறுபடி முதலிலிருந்து.

பொழுது சாய எடுத்தோம்.
வெளியே கரும்பழுப்பு, சிவப்பு பத்து சதம்.
கீறிப் பார்த்தால் எலும்பு வரை
ஷேடு சீராக ஏறியிருந்தது.
பனியன் வேஸ்டில் வெள்ளைத் துண்டு எடுத்து
கறியின் மேல் பத்துத் தரம் தேய்த்தேன்.
கறை ஒட்டவில்லை.
'இதென்ன கூத்து' என்றாள் மேனகா.
பாஸ் என்றேன்.
வாயில் போட்டவள்
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை,
அப்புறம்
'உப்பு ஒரு கை கூட' என்றாள்.

தொடையைத் துணி சுற்றி விட்டத்தில் கட்டினேன்.
என் நகக்கண்ணில் எப்போதும் இருக்கும் நீலத்தின் மேல்
இன்று ஒரு பழுப்பு.
சோப்புக்குப் போகவில்லை இரண்டும்.

படுக்கப் போகையில் பார்த்தேன்:
பிரிட்ஜ் இருந்த இடத்துச் சுவரில்
ஸ்டெபிலைசரை யாரும் அணைக்கவில்லை.
வோல்டேஜ் சரியாக இருக்கிறது,
வோல்டேஜ் சரியாக இருக்கிறது என்று
பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.